மூன்றாவது கண்

1990-ல் இந்தியப் போலீஸ் சர்வீஸில் சேர்ந்த ஸ்ரீ ஏ. கே. விசுவநாதன் 2017 முதல் 2020 வரை சென்னைப் போலீஸ் கமிஷனராயிருந்தார். ‘மூன்றாவது கண்’ என்ற பெயரால் நகரத் தெருக்களில் ஐம்பது மீட்டருக்கொரு காமிரா வைக்க முனைந்தார். வீட்டுக்காரரும் கடைக்காரரும் தத்தம் செலவிலேயே வைத்தனர். சங்கிலி பறிப்போர் அகப்பட்டதும் மெய்யே. யந்திரத்தின்மீது அவர் கொண்ட நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை.

ஆனால், மணப்பாட்டுக் கடற்கரையினின்று உள்நாட்டுப் பக்கம் சில மைல் சென்றால் சாத்தான்குளம். 2020 ஜூன் 19-ந் தேதி அங்கே ஸ்டேஷனில் பிடித்துவைக்கப்பட்ட தகப்பனும் மகனும் அடிபட்டுச் சில தினங்களில் மாண்டனர். அந்த ஸ்டேஷனிலும் காமிரா இருந்தது! விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டதென்ன? அன்றன்றைய படம் அன்றன்றே அழியும்படி அமைத்திருந்தார்கள். பதிவுத்தட்டில் இடத்துக்குக் குறைவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட், எல்லா ஸ்டேஷன்களிலும் லாக்கப் உட்படக் காமிரா வைத்துப் பதிவை 18 மாதம், இயலாவிடில் ஓராண்டேனும் காக்க உத்தரவிட்டது. மேற்பார்வைக்கு ஜில்லாக் கமிட்டி உண்டு. ஆயினும் யந்திரத்தைப் பேணும் பொறுப்பு ஸ்டேஷன் அதிகாரியுடையதே. குற்றஞ் சாட்டப்படக் கூடியவர் கையிலேயே சாட்சியை ஒப்புவிப்பது எந்தச் சட்டப் புஸ்தகத்தின் நியாயம்? ஸ்டேஷன் பதிவுகள் ஜில்லா ஜட்ஜின் வசம் இருக்கவேண்டுமென்று சர்க்காரைக் கேட்கிறோம்.