வீட்டிற் பியானோப் பயிற்சியும் ஆசிரியர் கடனும்

பியானோ கற்கும் சிறுவர் பெரும்பாலும் கிழமைக்கு ஒருமுறையே ஆசிரியர் முன்னிலையில் அமர்கின்றனர். அப்பாடம் அரைமணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம் நடைபெறும். ஒரு கிழமையிலுள்ள 168 மணித்தியாலங்களுள் ஆசிரியர்க்கு உரியது அவ்வளவே. எஞ்சிய ஆறு நாள்களும் பிள்ளை தன் வீட்டில் தனித்திருந்து பயில்கின்றது. விரல்கள் வழக்கங் கொள்வதும், செவி கூர்மை பெறுவதும், இசையின்பால் விருப்போ வெறுப்போ வேரூன்றுவதும் அந்த ஆறு நாள்களிலேயாம். இங்ஙனமாகவும், ஆசிரியர் பலர் பாடம் முடிந்தவுடன் கொப்பியில், 'நாடோறும் அரைமணி பயில்க' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகின்றனர். எதனைப் பயில்வது, எவ்வாறு பயில்வது, எப்பொழுது நிறுத்துவது என்பன அவ்வரியில் இல்லை. ஆண்டு இரண்டு மூன்று கழிந்தபின் பிள்ளை பியானோவைக் கைவிடுமாயின், அதற்கு இசைஞானம் இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுவர். ஞானக் குறைவோ பயிற்சி முறையின் குறைவோ என்று ஆராய்வார் சிலரே.

இவ்விடர் புதியதன்று. பியானோ பரவுதற்கு முன்னரே அதனை உணர்ந்தவர் பிரான்சிய இசைப்புலவர் பிரான்சுவா கூப்பெரான். 1716ஆம் ஆண்டில் ஹாப்சிகோட் வாசிக்கும் கலை பற்றி அவர் வெளியிட்ட நூலில், தொடக்கநிலைச் சிறுவரை ஆசிரியர் இல்லாத வேளையிற் பயிலவிடுதல் ஆகாது என்கின்றார். தாம் முக்கால் மணி நேரம் முயன்று செம்மைப்படுத்தியதைப் பிள்ளைகள் ஒரு நொடியிற் கெடுத்துவிடுவர் என்பது அவர் கூறும் காரணம். ஆகலின், பாடம் முடிந்தவுடன் வாத்தியத்தைப் பூட்டித் திறப்பைத் தம்முடன் எடுத்துச் செல்வது அவர் வழக்கமாம்! நகைப்புக்கு இடமாகத் தோன்றினும் இதனுள் ஓர் உண்மை உண்டு. பிழையாகப் பயில்வதிலும் பயிலாதிருத்தல் நன்று. பிழையைப் பத்துமுறை வாசித்த கை அப்பிழையையே கற்றுக்கொள்கின்றது. அதனை அழிக்கச் செல்லும் காலம் புதிதாகக் கற்கச் செல்லும் காலத்தினும் மிகுதி.

திறப்பை எடுத்துச் செல்லுதல் இன்று எவர்க்கும் இயல்வதன்று. பெரும் புகழ் பெற்ற இசைப்பிள்ளைகளின் வரலாறுகளை நோக்கினால், அவர்களுட் பலர்க்கு அத்தகைய பூட்டு வேண்டப்படவில்லை என்பது புலனாகும். ஏனெனில் ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார். யோகான் செபஸ்தியான் பாக் தம் மூத்த மகன் வில்லெம் பிரீடெமானுக்காக 1720ஆம் ஆண்டில் ஒரு பாடக் கொப்பியைத் தொடங்கியபோது அவனுக்கு வயது ஒன்பது. அதில் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதையும் தந்தையே குறித்துக் கொடுத்த பாடம் உண்டு. லைப்சிக் நகரிற் பிரீடரிக் வீக் தம் மகள் கிளாராவுக்கு நாடோறும் பாடம் சொன்னார். கார்ள் செர்னி வியன்னாவிற் சிறுவன் லிஸ்ற்றை ஏற்றபொழுது, பொருள் பெறாது ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் கற்பித்தார். நம் நாட்டுக் குருகுலவாசமும் இத்தகையதே. மாணவன் குருவின் வீட்டில் வாழ்ந்து சாதகம் செய்தமையால், பாடம் வேறு, பயிற்சி வேறு என்ற பிரிவு அங்கு எழவில்லை. கிழமைக்கு ஒருமுறை பாடம் என்னும் ஏற்பாடே அப்பிரிவை உண்டாக்கியது. மேதைகளின் வரலாற்றைக் காட்டி, 'அவர்கள் எத்துணை மணிநேரம் பயின்றனர் பார்' என்று நம் பிள்ளைகளை இடித்துரைப்பவர், அந்த மணிநேரங்களில் அருகே யார் இருந்தார் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இனி, வீட்டிற் பிள்ளை உண்மையில் என்ன செய்கின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். அன்னா மக்டலேனா பாக்கின் 1725ஆம் ஆண்டுக் கொப்பியிலுள்ள ஜி மேஜர் மினுவெற் உலகெங்கும் தொடக்கநிலை மாணவர் வாசிப்பது. நெடுங்காலம் பாக்கின் பெயரில் வழங்கிய இது கிறிஸ்தியான் பெட்சோல்ட் என்பார் இயற்றியதென்று பின்னர் அறியப்பட்டது. சுரக்குறிப்பில் நிலைக்கோடுகளாற் பிரிக்கப்படும் ஒவ்வொரு கூற்றையும் தாளவட்டம் என்று கொண்டால், இப்பாடல் 32 தாளவட்டங்களையுடையது. வலக்கை 'டி'யில் ஐந்தாம் விரலுடன் தொடங்கி, 'ஜி'யிற் பெருவிரலை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு விரலாக மேலேறி மீண்டும் 'டி'யை அடைகின்றது. ஐந்து விரலும் ஐந்து கட்டையில் அமைந்திருப்பதால் முதலிரு தாளவட்டங்களிற் பிள்ளைக்கு இடர் இல்லை. மூன்றாவது தாளவட்டத்தில் 'ஈ' என்னும் சுரம் வருகின்றது. அதற்குக் கை முழுவதும் மேலே பெயர்ந்து மூன்றாம் விரல் 'ஈ'யில் இறங்க வேண்டும். இங்கேதான் பிள்ளை தடுமாறும். தடுமாறியதும் என்ன செய்யும்? பாடலின் தொடக்கத்திற்கு ஓடிவிடும்! மீண்டும் முதலிரு தாளவட்டங்களையும் அழகாக வாசித்து, மூன்றாவதில் மீண்டும் தடுமாறி, மீண்டும் தொடக்கத்திற்கு வரும். அரைமணி நேரம் முடிவில், நன்கு தெரிந்த இடம் இருபது முறை வாசிக்கப்பட்டிருக்கும். தெரியாத இடம் இருபது முறை பிழையாக வாசிக்கப்பட்டிருக்கும். அடுத்த அறையிலிருந்து கேட்கும் தாய்க்கோ பிள்ளை விடாது பயில்வதாகத் தோன்றும்.

இப்பிள்ளைக்கு வேண்டியது இன்னும் அரைமணி நேரமன்று. இரண்டாம் தாளவட்டத்தின் இறுதிச் சுரத்தையும் மூன்றாவதன் முதற் சுரத்தையும் மட்டும் எடுத்து, 'ஜி'யிலிருந்து 'ஈ'க்குக் கை பெயரும் அந்த ஓர் அசைவை மெல்லப் பயில வேண்டும். அது செம்மையானபின் முன்னே ஒரு தாளவட்டமும் பின்னே ஒரு தாளவட்டமும் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை இது. ஆயினும், பிழை எந்தப் பாடலில் உள்ளது என்பதன்றி, எந்த இரு சுரங்களுக்கிடையில் உள்ளது என்று கண்டுபிடிக்கும் ஆற்றல் பிள்ளைக்குத் தானே வந்துவிடாது. அதனைக் கற்பித்தலே ஆசிரியர் கடன்.

இதனை ஆராய்ச்சியும் வலியுறுத்துகின்றது. அமெரிக்காவில் ஒஸ்ரின் நகரிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிற் பல்கலைக்கழகப் பியானோ மாணவர் 17 பேர்க்கு ஷொஸ்ரகோவிச்சின் பியானோக் கொன்சேட்டோ ஒன்றிலிருந்து ஒரு சிறு பகுதி பயிலக் கொடுக்கப்பட்டது. மறுநாள் அவர்கள் அதனை வாசித்த தரம் ஒப்பிட்டு நோக்கப்பட்டது. முதல்நாள் எவ்வளவு நேரம் பயின்றனர் என்பதும், எத்தனை முறை வாசித்தனர் என்பதும் அத்தரத்தைத் தீர்மானிக்கவில்லை. சிறந்தோரை ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டியது பிழை நேர்ந்தபோது அவர்கள் செய்த செயலேயாகும். அவர்கள் பிழையின் இடத்தை நுட்பமாகக் கண்டனர். அவ்விடத்தில் வேகத்தைக் குறைத்தனர். பிழை நீங்கி நிலைபெறும்வரை அதனையே திருப்பி வாசித்தனர். பிழையே செய்யாதவர் அவர்களுள் எவரும் இலர். வளர்ந்த மாணவரிடையே கண்ட முடிபாயினும் சிறுவர்க்கும் இது பெரிதும் பொருந்துவதேயாம். சிறுவர்க்கு இம்முறையை வேறொருவர் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதே வேறுபாடு.

எங்ஙனம் காட்டுவது? வீட்டுப் பயிற்சியைப் பாடவேளையிலேயே ஒருமுறை நடத்திக் காட்டுவதே வழி. ஆசிரியர் பாடத்தின் இறுதிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, 'இப்பொழுது நான் இங்கு இல்லை. நாளை வீட்டிற் செய்யப்போவதைச் செய்க' என்று கூறி வாளா இருந்து நோக்குவாராயின், ஒரு கிழமையின் மறைபொருள் முழுவதும் அவர்க்கு வெளிப்படும். பிள்ளை தொடக்கத்திற்கு ஓடுகின்றதா, இரு கையும் ஒருங்கே எடுத்து இடர்ப்படுகின்றதா, விரலெண்ணை நோக்குகின்றதா என்பன தெரிந்தபின், திருத்தவேண்டியது பாடலையன்று, பயிலும் முறையையே என்பது விளங்கும். பாடவேளை குறுகியதாயிற்றே என்பார்க்கு, அப்பத்து நிமிடம் ஆறு நாள்களைக் காக்கும் என்பதே மறுமொழி.

கொப்பியில் எழுதும் குறிப்பும் இதற்கேற்ப மாறவேண்டும். 'அரைமணி' என்பதை விட்டு, 'மினுவெற்: மூன்றாம் தாளவட்டத்திற்குக் கை பெயர்தல், வலக்கை மட்டும், மெதுவாக, தொடர்ந்து மூன்றுமுறை பிழையின்றி' என்று எழுதலாம். இத்தகைய கட்டளைக்கு ஒரு முடிவு உண்டு. முடிவுள்ள வேலையைச் சிறுவர் விரும்பிச் செய்வர். கடிகாரத்தை நோக்கி அமர்ந்திருக்கும் பிள்ளை கடிகாரத்தையே பயில்கின்றது. செய்து முடித்ததைக் குறித்து வைத்தலும் பழைய வழக்கமே. லியோபோல்ட் மொசாட் தம் மகள் நானெர்லுக்காக 1759ஆம் ஆண்டில் தொடங்கிய இசைக் கொப்பியில், மகன் வொல்ப்காங் ஒரு பாடலை 1761ஆம் ஆண்டு சனவரி 24ஆந் திகதி இரவு ஒன்பது மணிக்கும் ஒன்பதரை மணிக்கும் இடையிற் கற்றான் என்று எழுதி வைத்துள்ளார். மகனுக்கு ஐந்து வயது நிரம்ப அப்பொழுது மூன்று நாள் இருந்தது. (அவ்வயதுப் பிள்ளையை அவ்வேளையில் உறங்கவிடலாகாதா என்று கேட்பவர் கேட்கலாம்!) வேண்டியது தந்தையின் பெருமிதமன்று, அக்குறிப்பின் திட்பமே.

பயிற்சியின் அளவு பற்றியும் சிறிது கூறவேண்டும். தம் மாணவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற் பயில்வதைச் ஷொப்பான் விரும்பியதில்லை. அவர்கள் தேர்ந்த வாசிப்பாளர். பேர்லினில் வயலின் மாணவரை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் எரிக்சன் முதலியோர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையும், சிறந்தோர் மிகுதியாகப் பயின்றனர் என்பதோடு, இடையிடையே ஓய்ந்தும் பகலில் உறங்கியும் பயின்றனர் என்று கூறுகின்றது. முதற்பகுதியை மட்டும் படித்து மணிக்கணக்கைப் பரப்பியவர் பலர். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பாடசாலைக்கு முன் பத்து நிமிடமும் மாலையிற் பத்து நிமிடமும் ஒரே அமர்வில் அரைமணியினும் பயன் தரும். இடைவெளி விட்டுப் பயின்றது மறதியை வெல்லும் என்பது 1885ஆம் ஆண்டில் எபிங்கவுஸ் நூல் வெளிவந்த காலந்தொட்டு உளவியலார் கண்டது. பாடத்துக்கு முந்திய மாலையில் ஒன்றரை மணி நேரம் அமரும் பிள்ளை, ஆசிரியரை அடுத்தநாள் மகிழ்வித்து, அதற்கடுத்த கிழமைக்குள் யாவற்றையும் இழந்துவிடும்.

விரலை மட்டும் பொறியெனப் பழக்கும் ஆசையும் பழையதே. 1814ஆம் ஆண்டில் லோஜியர் என்பார் கைகளைச் சட்டத்துள் நிறுத்தும் ஒரு கருவிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். சிலகாலம் அது பெருவழக்காய் விளங்கியது. ரொபேட் ஷூமான் இளமையில் வலக்கை விரலின் வலுவை இழந்து வாசிப்பாளராகும் எண்ணத்தைக் கைவிட்டார். அதன் காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாயினும், அவர் பின்னர் இளைஞர்க்கு எழுதிய அறிவுரைகளில், நாள்தோறும் மணிக்கணக்காக விரற்பயிற்சி மட்டும் செய்வோரை, நெடுங்கணக்கை மேன்மேலும் விரைந்து ஒப்பிப்பாரோடு ஒப்பிடுகின்றார். தம் மூத்த மகளின் ஏழாம் பிறந்தநாளுக்கென 1848ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய சிறு பாடல்கள் 43 கொண்ட தொகுதியாக வளர்ந்தன. பிள்ளைக்கு வேண்டியது இசையே என்பதை அத்தொகுதி நன்கு காட்டுகின்றது. சுரவரிசைகளை விலக்குக என்பது இதன் பொருளன்று. செர்னி பத்து வயதிற் பீதோவனிடம் சென்றபோது முதற்பாடங்கள் யாவும் சுரவரிசைகளாகவே இருந்தன.

அதே பீதோவன், தம் உடன்பிறந்தார் மகன் கார்ளுக்குக் கற்பித்த செர்னிக்கு எழுதிய கடிதம் ஒன்று ஆசிரியர் யாவரும் அறியத்தக்கது. விரலமைப்பும் தாளமும் சுரமும் ஓரளவு செம்மைப்பட்டபின், சிறு பிழைகளுக்காகப் பையனை இடையில் நிறுத்தாது, பாடல் முடிந்தபின் சுட்டிக்காட்டுமாறு அதில் வேண்டுகின்றார். முன்கோபத்துக்குப் பேர்போன ஒருவர் கூறியது இது என்பதனால் இதன் மதிப்பு மிகுகின்றது. வீட்டிற் பெற்றோர்க்கும் இது பொருந்தும். அடுக்களையிலிருந்து 'பிழை, பிழை' என்று கூவும் தாயால் நன்மையில்லை. இசை அறியாத பெற்றோரும் செய்யக்கூடிய பணி வேறு உண்டு. பயிற்சிக்கு ஒரு வேளையைக் காத்துக் கொடுத்தல், அவ்வேளையிற் தொலைக்காட்சியை நிறுத்துதல், கொப்பியில் ஆசிரியர் எழுதியதைப் பிள்ளையைக்கொண்டு வாசிப்பித்தல், முடிவில் ஒரு பாடலை விரும்பிக் கேட்டல் என்பன அவை. இறுதியிற் கூறியதை எளிதாக எண்ணற்க. கேட்பாரின்றி வாசிக்கும் பிள்ளை விரைவில் வாசிப்பதை விட்டுவிடும்.

நம் நாட்டில் மேனாட்டிசை கற்போர் பலர் இலண்டன் பரீட்சைச் சபைகளின் தரப் பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றனர். அவற்றுள் 1889ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இணைச்சபை முதன்மையானது. இப்பரீட்சைகள் ஓர் ஒழுங்கைத் தந்தன என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், ஓராண்டு முழுவதும் பரீட்சைக்குரிய மூன்று பாடல்களையே வாசிக்கும் பிள்ளை, நான்காவது பாடலைத் தானே எடுத்து வாசிக்க அறியாது நிற்கின்றது. இதற்கு மாற்றாக, நாள்தோறும் ஐந்து நிமிடம், தன் தரத்தினும் எளிய புதிய பாடல் ஒன்றை நிறுத்தாது வாசிக்கச் செய்யலாம். பேலா பாட்டொக் 1926 முதல் 1939 வரை இயற்றிய 153 சிறு பாடல்களடங்கிய 'மைக்ரோகொஸ்மொஸ்' இதற்கு ஏற்ற களஞ்சியம். அதன் முதற் பகுதியில் இரு கையும் பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்பதால் கண்ணைக் கட்டையிலிருந்து எடுத்துக் குறிப்பில் வைக்கப் பிள்ளை பழகும்.

வீட்டில் நல்ல பியானோ இல்லாதார் நிலை வேறு. விலை மலிந்த மின்னிசைப் பலகைகளிற் கட்டைகள் பாரமற்றவை. எவ்வளவு அழுத்தினும் ஒரே ஒலி தருவனவும் உள. அவற்றிற் பயிலும் பிள்ளைக்கு மென்மையும் வன்மையும் பற்றிய வேலையைக் கொப்பியில் எழுதுதல் வீண். அதற்கு விரலெண், தாளம், கை பெயர்தல் ஆகியவற்றை வீட்டுக்கு வகுத்து, ஒலியின் வண்ணங்களைப் பாடவேளைக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஆதலால் ஒவ்வொரு பிள்ளையும் எந்த வாத்தியத்தில், எந்த அறையில், எவ்வளவு உயரமான இருக்கையில் அமர்ந்து பயில்கின்றது என்பதை ஆசிரியர் முதற் கிழமையிலேயே கேட்டறிதல் நன்று. இயலுமாயின் ஒருமுறை சென்று பார்த்தலும் தகும்.