வாகனம் வாங்கலாம், விற்கலாம் – 6: உப்புக்காற்றுக்கு எவ்வளவு கழிப்பது?

அறுகம்பேயில் மே தொடங்கி ஒக்டோபர் வரை கடலில் அலை இருக்கும், கரையில் உழைப்பு இருக்கும். சீசன் முடிந்ததும், “இந்த வண்டியக் குடுத்திட்டு வேற ஒன்டு பாப்பம்” என்ற பேச்சு வீடுகளில் எழும். அடுத்த கேள்வி உடனே வரும்: எவ்வளவு சொல்லலாம்?

பலர் வாங்கிய விலையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். சிலர் மகளின் கலியாணத்துக்கோ வீட்டு வேலைக்கோ தேவைப்படும் தொகையிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டுமே விற்பவரின் கணக்கு. வாங்க வருபவர் அதற்குக் காசு தரமாட்டார்.

வாங்கிய விலை ஏன் உதவாது என்பதை நம் நாடு அண்மையில்தான் கண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. பல வருடம் ஓடிய அல்ட்டோவையும் விட்ஸையும் வாங்கியதைவிடக் கூட்டி விற்றவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. சுங்க வரி, அதன்மேல் மேலதிக வரி, எஞ்சின் அளவைப் பொறுத்த உற்பத்தி வரி, 18 வீத வற் எல்லாம் சேர்வதால் இறங்கும் கார் மலிவாக இல்லை. என்றாலும் பழைய வண்டியின் விலைக்கு அது ஓர் உச்சவரம்பு போட்டுவிட்டது. புதிதாக இறங்கியதைத் தொடும் விலையைப் பழையதற்குச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பத்து வருடப் பழைய கார்கள் இப்போது இறங்குவதில்லை. ஆகவே 2014 அக்சியோ வைத்திருப்பவர், நாட்டுக்குள் ஓடும் 2014 அக்சியோக்களோடுதான் ஒப்பிட வேண்டும். அதே வருடம், அதே ரகம், கிட்டத்தட்ட அதே மீற்றர் உள்ள ஐந்தாறு விளம்பரங்களை எடுங்கள். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளுங்கள். மிஞ்சுவதும் கேட்கும் விலைதான், கைமாறிய விலை அதைவிடக் கீழே இருக்கும். அண்மையில் விற்ற ஒருவரிடமும், கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு சேல்காரரிடமும் கேட்டால் அந்த இடைவெளி தெரிந்துவிடும்.

இனி நம் கரைக்கே உரிய கழிவு. பொத்துவிலிலிருந்து கல்முனை வரை ஏ4 வீதி கடலை அதிகம் விட்டு விலகுவதில்லை. அந்த உப்புக்காற்றிலேயே நின்ற வண்டி, வெளியே பெயின்ட் மினுங்கினாலும் உள்ளே கறள் பிடித்திருக்கும். டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கி, ஸ்பெயார் வீலைக் கழற்றிப் பாருங்கள். ஈர மணல் தங்கிய பள்ளத்தில் பெயின்ட் கொப்பளித்திருக்கும். விரலால் அழுத்தினால் சில இடத்தில் தகடு பொருபொருவென்று உதிரும். கூரையில் சர்ஃபிங் போர்ட் ஏற்றிய வேனென்றால், தண்ணி வடியும் கான் ஓரத்தையும் கதவுகளின் அடி விளிம்பையும் பாருங்கள். கராஜில் காட்டி, வெட்டி ஒட்ட எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். தேய்ந்த டயர், ஹைபிரிட்டென்றால் பற்றரியின் நிலை, மீதி லீசிங் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். லீசிங் விலையைக் குறைக்காது, ஆனால் கைக்கு வரும் காசைக் குறைக்கும்.

உதாரணத்துக்கு, ஒத்த வண்டிகள் 60 இலட்சத்துக்குக் கைமாறுகின்றன என்று வைப்போம். கறள் வேலைக்கும் டயருக்கும் 3 இலட்சம் கழித்தால் 57. பேசி இறங்க இடம்விட்டு 58 என்று சொல்லலாம். “கடைசி எவ்வளவு காக்கா?” என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்கான தொகையை, வாங்குபவர் வாசலுக்கு வருமுன் வீட்டாரோடு பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். 65 சொல்லிவிட்டு 57க்கு இறங்கினால், இன்னும் இறங்குவார் என்றே வந்தவர் நினைப்பார்.

கறளுக்கு மேலே பெயின்ட் அடித்து 60 வாங்கலாமே என்று சொல்ல ஆள் இருக்கும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்ட சம்பவம் நம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை தரம் சொல்லப்பட்டிருக்கிறது! நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அந்த வியாபாரிக்குச் சொல்லப்பட்ட பாடம். ஐபை மறைத்து விற்ற காசில் பரக்கத் இராது என்று நம்புகிறவர்கள், கராஜில் எழுதிய அந்தத் தாளை வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிடலாம். விலை ஏன் 58 என்று அதுவே சொல்லும். பேரம் சுருங்கும். நாளை அவரைச் சந்தையிலோ பள்ளியிலோ கண்டால் முகம் கொடுத்துப் பேசவும் முடியும்.

(அடுத்த வாரம்: பெயர் மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ விற்பதன் ஆபத்து)