மடங்கினால்தான் ஆறும்

முழங்கால் சில்லு உடைந்தவருக்கு அறுவை சிகிச்சை பாதி வழிதான். மீதி வழி தரையில் போய் முடிகிறது.

சில்லு உடைந்து கம்பி வைத்துக்கொண்டவரைப் பார்க்க வருகிறவர்கள் மதுரையில் ஹார்லிக்ஸோடு ஒரு புத்திமதியும் கொண்டுவருவார்கள்: "காலை அசைக்காம வச்சுக்கங்க, கம்பி விட்டுறப் போகுது." அக்கறையான பேச்சுதான். ஆனால், கால் மடங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சில்லுக்குக் கம்பியே கட்டுகிறார்கள்.

தொடையின் முன்பக்கத் தசை முழங்காலைத் தாண்டி இறங்கிக் கீழ்க்கால் எலும்பைப் பிடித்து இழுக்கிறது. அந்தத் தசைநாருக்குள் புதைந்திருக்கும் சிறு எலும்புதான் சில்லு. கிணற்றுக் கயிறு கப்பி மேல் ஓடுவதால் வாளி லேசாக ஏறுகிறதல்லவா? சில்லுக்கும் அதுதான் வேலை. அது உடைந்து விலகிவிட்டால் மல்லாந்து படுத்தபடி காலை நீட்டித் தூக்க முடியாது. "மடக்காம அப்படியே தூக்குங்க" என்று டாக்டர் முதலில் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஸ்கூட்டர் சறுக்கி முட்டி தரையில் மோதினால் சில்லு சிதறும். மோதாமலும் உடையும். படியில் கால் தவறும்போது விழாமலிருக்கத் தொடைத்தசை வெடுக்கென்று இழுக்கிறது. அந்த இழுப்பிலேயே குறுக்காகப் பிளந்துவிடும். 1992 பிப்ரவரியில் வெலிங்டன் டெஸ்ட் ஆட்டத்தில் இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் டேவிட் லாரன்ஸுக்கு நடந்தது இதுதான். ஓடிவந்து காலை ஊன்றிய நொடியில் சில்லு பிளந்தது. யாரும் அவர் மேல் மோதவில்லை.

எட்டுப் போடும் கம்பி

விலகாத கீறல் என்றால் கட்டுப் போட்டு வைத்தாலே சேர்ந்துவிடும். விலகிய சில்லு அப்படியல்ல. மேல் துண்டைத் தொடைத்தசை ஓயாமல் மேலே இழுத்துக்கொண்டிருக்கும். எண்ணெய் போட்டு நீவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் அந்த இழுப்பு நிற்காது. கை எலும்புக்கு நாட்டுக்கட்டு பலித்த அனுபவத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

லண்டனில் 1877 அக்டோபரில் ஜோசப் லிஸ்டர் உடைந்த சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் இணைத்தார். மூட்டைத் திறந்தால் சீழ் பிடித்து உயிர் போகும் என்று பயந்த காலம் அது. கிருமி நீக்கும் தன் முறையை நம்பி அவர் துணிந்தார், நோயாளியும் தேறினார். 1937-இல் ரால்ஃப் புரூக் என்ற மருத்துவர், உடைந்த சில்லை எடுத்தே விடலாம் என்று எழுத, பலருக்கும் எடுத்தார்கள். கப்பி போனதால் காலின் பலமும் குறைந்தது. சில்லைக் காப்பாற்ற வழி சொன்னது ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் பாவெல்ஸ் வகுத்த இழுவிசைக் கணக்கு.

மேலிருந்து கீழாக இரண்டு கம்பிகளைச் செருகி, சில்லின் முன்பக்கத்தில் மெல்லிய கம்பியை எட்டு வடிவில் சுற்றி முறுக்குவார்கள். லைசென்ஸுக்கு ரோட்டில் எட்டுப் போட்டவருக்கு முட்டியிலும் ஓர் எட்டு! முட்டி மடங்கும்போது முன்பக்கத்தில் உடைவு வாய் திறக்கப் பார்க்கும். எட்டுக் கம்பி அதைத் தடுக்கும். அப்போது உள்பக்கத்தில் இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளும். பிரிக்க வந்த விசையே சேர்க்கிற விசையாக மாறும் என்பதுதான் இதன் சூத்திரம்.

டிகிரிக் கணக்கு

முதல் நாட்களில் கால் நீட்டியபடியே பெல்ட்டுக்குள் இருக்கும். வாக்கர் பிடித்து நடக்கலாம். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்குவது, காலை நீட்டித் தூக்குவது ஆகியவைதான் வேலை. பார்க்கச் சின்ன வேலை. ஆனால், சில வாரம் சும்மா கிடந்தாலே தொடை பாதியாகச் சூம்பிப்போனது போலத் தெரியும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ காத்திருக்கக் கூடாது.

கம்பியின் பிடிமானத்தைப் பார்த்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மடக்கத் தொடங்குவார்கள். ஆறு வாரத்தில் 90 டிகிரி என்பது பலருக்கும் வைக்கும் இலக்கு. எலும்பு சேர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம். அவசரமும் ஆகாது. லாரன்ஸ் மீண்டும் ஆடத் தயாராகிக்கொண்டிருந்தபோது அதே சில்லு இரண்டாவது முறை உடைந்தது. 1997-இல்தான் அவரால் கவுண்டி ஆட்டத்துக்குத் திரும்ப முடிந்தது.

சமதளத்தில் நடக்க 65 டிகிரி போதும். மாடிப்படிக்கு 90 வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 100 டிகிரியை ஒட்டி வேண்டும். நாற்காலியில் வாழ்கிறவருக்குக் கணக்கு இங்கே முடிந்தது.

மதுரையில் முடியாது. விளாச்சேரியில் களிமண் பொம்மை செய்கிறவருக்கு வேலை தரையில். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்ணுக்கும் தரையில்தான். மேலூர்ப் பக்கம் மாடு கறக்கிறவர் குத்துக்காலிட வேண்டும். பந்திக்கும் கோலத்துக்கும் பழைய கழிப்பறைக்கும் நமாஸுக்கும் மாதா கோயிலில் மண்டியிடவும் 120-ஐத் தாண்டி முட்டி மடங்கியாக வேண்டும். குத்துக்காலிடும்போது சில்லின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல ஏழு மடங்கு வரை போகும். மண்டியிட்டால் கம்பி முனை தோலுக்கு அடியில் குத்தும். எலும்பு நன்றாகச் சேர்ந்த பிறகு, தொந்தரவு தரும் கம்பியை எடுத்துவிடலாம்.

48 மணி நேரத்துக்கு அப்புறம்

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. கோரிப்பாளையத்தை ஒட்டிய பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, சுற்றுவட்டாரத்து எலும்பு முறிவெல்லாம் வந்து சேர்கிறது. ஆனால், முட்டி மடங்குவது மாதக்கணக்கு வேலை. வாடிப்பட்டியிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பிசியோவுக்காக வாரம் மூன்று முறை பஸ் ஏறி வர முடியாதவர்கள்தான் பாதி மடங்கிய காலோடு நின்றுவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையும் மறுதேதியும் இருக்கும். 'என்ன வேலை செய்கிறார், எவ்வளவு மடங்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்ந்தால், பிசியோவை எங்கே நிறுத்துவது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அந்த வரி இல்லாததால்தான் 90 டிகிரியில் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறோம்.

தரைக்கு ஒரே நாளில் இறங்க வேண்டாம். டாக்டர் சம்மதித்த பின் நாற்காலியிலிருந்து முக்காலிக்கு, முக்காலியிலிருந்து தலையணை போட்ட மணைக்கு, பிறகு வெறும் மணைக்கு என்று இறங்கலாம். விளாச்சேரிக்காரர் மணையையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் களிமண்ணைப் பிசைய உட்காரும் நாள் எந்த எக்ஸ்ரேயிலும் பதிவதில்லை. அவர் கணக்கில் கால் ஆறியது அன்றுதான்.