ஏரியை எப்போது திறப்பது? கணிப்பு மாதிரிகள் உதவும் விதம்

சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்றான செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதன் மதகுகளைத் திறக்கும் முடிவு, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி போன்றது. முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்தால் கோடையில் குடிநீர் குறையும். காத்திருந்து மழை கொட்டினால் உபரிநீர் மொத்தமும் ஒரே மூச்சில் அடையாற்றில் பாயும். 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அந்த அளவில் ஒரு நாள் முழுவதும் ஓடினால், ஏரியின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு வெளியேறிவிடும்.

இத்தகைய முடிவுகளுக்குத் துணை நிற்பவை தரவு சார்ந்த கணிப்பு மாதிரிகள்.

எப்படிக் கணிக்கின்றன?

மரபான வெள்ள மாதிரிகள், மழைநீர் மண்ணில் ஊறுவதையும் சரிவில் ஓடுவதையும் சமன்பாடுகளாக எழுதிக் கணக்கிடுகின்றன. தரவு சார்ந்த மாதிரி, எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர்வரத்து இருந்தது என்ற பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து அந்தத் தொடர்பைத் தானே கற்கிறது. 10 செ.மீ. மழை காய்ந்த நிலத்தில் பெய்தால் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். நிலம் ஊறி, மேலே உள்ள ஏரிகளும் நிரம்பியிருந்தால் அதே மழை வெள்ளமாக வந்து சேரும். எனவே முந்தைய நாட்களின் மழையையும் கணக்கில் கொள்ளும் மாதிரிகளே இங்கு எடுபடும். கற்பிக்காமல் ஒதுக்கிவைத்த ஆண்டுகளின் வெள்ளத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகே மாதிரி பயன்பாட்டுக்கு வரும்.

கூகுள் நிறுவனம் 2018இல் பாட்னாவில் வெள்ள முன்னறிவிப்பைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. நீரளவு நிலையங்கள் இல்லாத ஆறுகளிலும் இத்தகைய மாதிரியால் வெள்ளத்தைக் கணிக்க முடியும் என்று, 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அதன் ஆய்வு காட்டியது.

எண்ணிலிருந்து முடிவுக்கு

மாதிரி தருவது வாய்ப்பின் அளவை மட்டுமே. ‘நாளை ஏரி நிரம்பி வழிய 20 சதவீத வாய்ப்பு’ என்றால் திறப்பதா, வேண்டாமா? வீணாகும் தண்ணீரின் மதிப்பு 1 ரூபாய், தவிர்க்கப்படும் சேதம் 10 ரூபாய் என வைத்துக்கொண்டால், வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டியதுமே திறப்பது சரி. அந்த மதிப்புகளை நிர்ணயிப்பது அரசின், மக்களின் பொறுப்பு.

எங்கே தவறும்?

பதிவுகளில் இதுவரை இல்லாத பெருமழை வந்தால் மாதிரி குறைத்துச் சொல்லக்கூடும். நீர்ப்பிடிப்புப் பகுதியில் வயல்கள் வீட்டுமனைகளானால் பழைய கணக்கு பொருந்தாது. அதனால் புதிய பதிவுகளைச் சேர்த்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். எத்தனை சதவீதத்தில் மதகைத் திறப்பது, உத்தரவிடுவது யார் என்ற இரண்டையும் பருவமழை தொடங்கும் முன்பே எழுத்தில் வைத்தாக வேண்டும்.