சிம்மாசனம் கேட்ட விலை

பாகப்பிரிவினைக்குப் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அண்ணன் தம்பிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டைப் பங்கு போடலாம், நகையைப் பங்கு போடலாம். சிம்மாசனத்தை எப்படிப் பங்கு போடுவது? அதற்காக ஓர் அரச குடும்பம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

இன்றைய ஈரானையும் இராக்கையும் ஒரு காலத்தில் ஆண்டவர்கள் பார்த்தியர்கள். கி.மு. 57-ஆம் ஆண்டு வாக்கில் அவர்களுடைய மன்னன் மூன்றாம் பிராத்தீஸ் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் பகைவர்களல்ல, அவன் பெற்ற பிள்ளைகளான மித்ரிடாட்டீஸும் ஓரோடீஸுமே!

தகப்பனைக் கொல்லும் வரையில் ஒற்றுமையாக இருந்தவர்கள், பட்டம் யாருக்கு என்றதும் பரம வைரிகளானார்கள். மித்ரிடாட்டீஸ் சிரியாவுக்கு ஓடி, ரோமானிய கவர்னர் கபீனியஸிடம் உதவி கேட்டான். கபீனியஸும் கிளம்பினார். ஆனால் நாடிழந்த எகிப்திய மன்னர் டாலமி காட்டிய பணம் அவரை எகிப்துப் பக்கம் திருப்பிவிட்டது. மித்ரிடாட்டீஸ் தானாகவே திரும்பி வந்து பாபிலோனையும் செலூசியாவையும் பிடித்துக்கொண்டான்.

ஓரோடீஸின் சேனாபதி சுரேனா சும்மா இருப்பானா? செலூசியாவின் மதில்மீது முதலில் ஏறியவனே அவன்தான். அடுத்து பாபிலோன் முற்றுகைக்குள்ளாயிற்று. நகரம் பசியால் வாடியது. என்ன இருந்தாலும் உடன்பிறந்தவன்தானே என்று நம்பி மித்ரிடாட்டீஸ் சரணடைந்தான். கி.மு. 54-ல், தன் கண்ணெதிரிலேயே அவனைக் கொல்லச் செய்தான் ஓரோடீஸ்.

வென்றவன் நிம்மதியாக இருந்தானா? மறு வருஷமே கரே யுத்தத்தில் ரோமானியரை முறியடித்தான் சுரேனா. அந்தப் புகழைப் பொறுக்காமல் அவனையும் தீர்த்துக்கட்டினான் மன்னன். கி.மு. 38-ல் அவனுடைய அருமை மகன் பக்கோரஸ் போரில் மாண்டான். செய்தி கேட்ட தந்தை பல நாள் அன்ன ஆகாரமின்றி, வாய் பேசாமல் கிடந்தான். பேச்சு வந்தபோது மகன் பெயரைத் தவிர வேறொன்றும் வரவில்லை!

மீதியிருந்த பிள்ளைகள் 30 பேர். அந்தப்புரத்தில் ஒவ்வொரு தாயும் தன் மகனுக்கே பட்டம் என்று மன்றாடினாள். ஓரோடீஸ் தேர்ந்தெடுத்தது நான்காம் பிராத்தீஸை. அந்தப் பிள்ளை செய்த கைம்மாறு என்ன தெரியுமா? சகோதரர்களைக் கொன்றான், நோயாளித் தகப்பனுக்கு விஷம் கொடுத்தான். விஷமே மருந்தாகி நோய் குணமாயிற்றாம்! அதனால் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்று எழுதுகிறார் சரித்திராசிரியர் புளூடார்க்.

அந்தக் கடைசி நிமிஷத்தில் ஓரோடீஸின் கண்முன் தன் தந்தையின் முகம் வந்து நின்றிருக்குமோ?