சீட்டின் மதிப்பும் கையின் மதிப்பும்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழரிடையே 'முந்நூற்றி நாலு' என்னும் கடதாசி விளையாட்டு மிகவும் பழக்கமானது. மட்டக்களப்பு வாவிக் கரையில் மீன்பிடிப்போர் தங்கும் வாடிகளிலும், அறுவடை முடிந்து ஓய்ந்திருக்கும் நாட்களில் மரநிழல்களிலும், துக்க வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய வேளையிலும் அது பொழுதைக் கழிக்கும் துணையாக இருந்து வந்திருக்கிறது. இதனை முதன்முறை காண்பவர் ஓரிடத்தில் திகைத்து நிற்பர். அங்கே ராஜாவை ஜாக்கி வெல்கிறது. ஆசையும் ஜாக்கி வெல்கிறது. வெறும் எண் சீட்டாகிய ஒன்பது, ராஜாவுக்கும் ராணிக்கும் மேலே அமர்ந்திருக்கிறது.

இவ்வாட்டத்தின் வரிசை முறையை முதலிற் காண்போம். நால்வர் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும்போது, ஏழிலிருந்து ஆசு வரையுள்ள 32 சீட்டுகளே பயன்படும். ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஒவ்வோர் இனத்திலும் ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியே இல்லை. ஆக, ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு ஆயிற்று.

இக்கணக்கைச் சற்று உற்று நோக்கினால் வியப்பான சில செய்திகள் புலப்படும். நான்கு ராஜாக்களுக்கும் 12, நான்கு ராணிகளுக்கும் 8; எட்டும் சேர்ந்தே 20. அஃதாவது, அரச குடும்பம் முழுவதும் திரண்டு வந்தாலும் ஒரேயோர் ஒன்பதுக்குத்தான் ஈடாகும். ஓர் இனத்தின் ஆசு, பத்து, ராஜா, ராணி நான்கையும் கூட்டினாலும் 26தான். தனி ஜாக்கி ஒன்று அதனை மிஞ்சிவிடும். நான்கு ஜாக்கிகளும் நான்கு ஒன்பதுகளும் மட்டும் 200 புள்ளிகளைத் தம்மிடம் வைத்திருக்கின்றன. ஆகவே, "இத்தனை புள்ளி எடுப்போம்" என்று கேட்கத் துணிபவர், தம் கையில் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று பார்ப்பதில்லை. ஜாக்கி எங்கே, ஒன்பது எங்கே என்றே தேடுவார். கேள்வி 160இல் தொடங்குவதற்கும் பொருளுண்டு. மொத்தத்தின் பாதி 152. பாதிக்குச் சற்று மேலாவது எடுப்பேன் என்று சொல்லக்கூடியவரே துரும்பை நிர்ணயிக்கலாம்.

இத்தகைய வரிசை எங்கிருந்து வந்தது? மட்டக்களப்புப் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இலங்கையின் கரையோரம் அவர்கள் ஆட்சியில் இருந்தது. கந்தோர், லாச்சி முதலிய சொற்களோடு சீட்டின் பெயர்களும் அவர்கள் வழியாக வந்தன. இஸ்கோப்பன், கலாவரை என்று ஊரில் வழங்கும் பெயர்கள் ஒல்லாந்தரின் ஸ்கோப்பன், கிளாவரன் என்பவற்றின் திரிபேயாகும். ஒல்லாந்தில் இன்றும் ஆடப்படும் கிளாவர்யாஸ் என்ற ஆட்டத்தில், துரும்பு இனத்தின் ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14. ஆனால் துரும்பல்லாத இனத்தில் ஜாக்கிக்கு வெறும் 2. அங்கே துரும்பாகும்போது மட்டும் கிடைக்கும் உயர்வு, இங்கே எல்லா இனத்து ஜாக்கிக்கும் நிலையான உரிமையாகிவிட்டது. முந்நூற்றி நாலில் சீட்டின் மதிப்பு, பழைய ஆட்டக்காரர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடு என்பது இதனால் விளங்கும்.

இனி, மேனாட்டார் ஆடும் போக்கர் ஆட்டத்தைப் பார்ப்போம். அங்கே மதிப்பைப் பெறுவது தனிச் சீட்டன்று. ஐந்து சீட்டுகள் சேர்ந்த கை. அதன் வரிசையை வகுத்தது உடன்பாடு மட்டுமன்று, அருமையுமாகும். எந்தக் கை எவ்வளவு அரிதாக விழுகிறதோ, அவ்வளவுக்கு அது உயர்ந்தது. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை எடுக்கக்கூடிய வழிகள் 25 இலட்சத்து 98 ஆயிரத்து 960. அவற்றை வகைப்படுத்தி எண்ணினால் வரிசை தானே அமைந்துவிடும்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது, ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் ஐந்து சீட்டு. அத்தகைய கைகள் 40 மட்டுமே. அடுத்தது ஒரே மதிப்புள்ள நான்கு சீட்டு, 624. அதன்பின் ஒரே மதிப்பில் மூன்றும் வேறொரு மதிப்பில் இரண்டும் சேர்ந்தது, 3,744. பிறகு ஐந்தும் ஒரே இனம்; 5,108. பிறகு இனம் கலந்த தொடர்வரிசை, 10,200. பிறகு ஒரே மதிப்பில் மூன்று, 54,912. பிறகு இரண்டு இணை, 1,23,552. பிறகு ஓர் இணை, 10,98,240. கடைசியாக, எதுவும் சேராத வெறுங்கை, 13,02,540.

புதியவர் பெரிதும் குழம்புவது ஒரே இனத்துக்கும் தொடர்வரிசைக்கும் இடையிலேதான். தொடர்வரிசை அமைவது கடினமென்று மனம் சொல்லும். கணக்கோ வேறு சொல்கிறது. ஓர் இனத்தின் 13 சீட்டுகளில் ஐந்தை எடுக்க 1,287 வழிகள். நான்கு இனத்துக்கு 5,148. தொடர்வரிசை தொடங்கக்கூடிய இடங்கள் பத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து சீட்டும் எந்த இனத்திலிருந்தும் வரலாமாதலின் 1,024 வகை, ஆக 10,240. இரண்டிலும் பொதுவான அந்த 40 கைகளைக் கழித்துவிட்டால் மேற்சொன்ன தொகைகள் வரும். ஒரே இனம் அமைவது ஏறக்குறைய இருமடங்கு அரிது; ஆதலால் அதுவே உயர்ந்தது.

ஓர் ஆட்டத்தின் பழக்கத்தை மற்றோர் ஆட்டத்துக்குக் கொண்டுசெல்பவர் ஏமாந்துபோவர். ஓர் இனத்து ஜாக்கியும் ஒன்பதும் கையிலிருந்தால் முந்நூற்றி நாலில் 50 புள்ளி, நிமிர்ந்து உட்காரலாம். போக்கரில் அவ்விரண்டும் தனியே நின்றால் ஓர் இணைகூட இல்லை. மூன்று ஜாக்கிகள் முந்நூற்றி நாலில் 90 புள்ளியைத் தரும். போக்கரிலோ, ஐந்திலிருந்து ஒன்பது வரை வரிசையாக அமைந்த அற்பச் சீட்டுகள் அம்மூன்றையும் வீழ்த்திவிடும்.

முந்நூற்றி நாலில் தவறு செய்தால் கூட்டாளியின் கடிந்துரைதான் கிடைக்கும். போக்கர் பெரும்பாலும் பணம் வைத்து ஆடப்படுவது. இன்று அது கைத்தொலைபேசித் திரைக்குள்ளும் புகுந்துவிட்டது. அங்கே தவறு செய்தால் போவது குடும்பத்தின் பணம். மேற்சொன்ன எண்கள் இங்கே மற்றுமோர் உண்மையையும் உணர்த்துகின்றன. முதலில் விழும் ஐந்து சீட்டுகளில், இரண்டு கைக்கு ஒன்று வெறுங்கை. வெறுங்கையையும் ஓரிணையையும் சேர்த்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு கைகள் அவற்றுள் அடங்கிவிடும். ஒரே இனத்துக் கை 509 தடவைக்கு ஒன்று. ஆனால் ஐந்நூறு முறை அது வராததனால் அடுத்த முறை வந்தே தீரும் என்று நம்புவது பேதைமை. கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பகிர்விலும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது.

எதிரே இருப்பவருக்கும் இதே கணக்குத்தான். கைகளின் வரிசையை இருவரும் நன்கு அறிந்திருந்தால், அவ்வறிவினால் மட்டும் ஒருவர் மற்றவரை மிஞ்ச முடியாது. சூதாட்ட மனைகளிலோ, ஆட்டத்தை நடத்துபவர் பந்தயத் தொகையிலிருந்து தமக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். ஆகவே, மேசையைச் சுற்றியிருப்போரின் பணம் கைமாறிக்கொண்டே இருந்தாலும், மொத்தத்தில் அது குறைந்தே தீரும். சூதுக்கென்று திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். இலங்கையின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் 1889இல் தோன்றியது. அறநூலும் சட்டமும் வேண்டாமென்று தடுப்பதைக் கூட்டலும் பெருக்கலும் ஏனென்று விளக்கிவிடுகின்றன.