எண்ணுமுன் எண்ணுக

எமது கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் புகும் கலைப்பிரிவு மாணவருட் பலர் சமூகவியல், பொருளியல், புவியியல் முதலிய துறைகளைத் தெரிந்து கற்கின்றனர். விடுமுறையில் எம்மைக் காண வருங்கால் அவர்கள் சிறிது அச்சத்துடன் பேசும் பாடம் ஒன்றுண்டு. அதுவே ஆய்வு முறையியல் என்பது. அச்சத்துக்குக் காரணம் தெளிவு. பள்ளியில் விடை எழுதப் பழகியவர்கள் அங்கே வினா எழுத வேண்டியவராகின்றனர். குறிப்புக் கொடுத்து, மனனஞ் செய்வித்து, பரீட்சைக்கு அனுப்பிய ஆசிரியராகிய எமக்கும் இக்குறையிற் பங்குண்டு என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், இறுதியாண்டு ஆய்வுக்கெனத் தான் எழுதிய வினாக்கொத்தை மொழி திருத்தித் தருமாறு கொணர்ந்தான். எழுத்துப் பிழைகள் நான்கைந்தே இருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்து, அவன் வேண்டியபடி முதல் வீட்டுக்கு உடன் சென்றோம். “உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?” என்பது முதல் வினா. அவ்வீட்டு மூதாட்டியார் சற்றுச் சிந்தித்து, “எந்தக் குடும்பத்தைக் கேக்கிறியள், தம்பி? உலை ரெண்டு, கிணறு ஒண்டு. மகள் பின்வளவில தனியச் சமைக்கிறாள். காசு அனுப்புற மகன் கனடாவில. ஆரை எண்ணுறது, ஆரை விடுறது?” என்றார். மாணவன் எம்மை நோக்கினான். யாம் நிலத்தை நோக்கினோம். எழுத்துப் பிழையைக் கண்ட எமக்கு வினாவின் பிழை புலப்படவில்லை.

அம்மூதாட்டியார் கேட்ட அதே கேள்வி, இலங்கையின் சமூக ஆய்வு வரலாற்றில் ஒரு பெரிய விவாதத்துக்கு வித்திட்டது என்பதைப் பின்னரே அறிந்து வியந்தோம். 1950களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் என். கே. சர்க்கார், எஸ். ஜே. தம்பையா என்னும் இருவர், கண்டியைச் சார்ந்த பாத்ததும்பறைப் பகுதிக் கிராமங்களில் வீடு வீடாக விபரந் திரட்டினர். ‘சிதையும் கிராமம்’ எனப் பொருள்படும் தலைப்புடன் அவ்வாய்வு 1957 இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. நிலமற்றோர் பலர், பிறர் வயலை வாரத்துக்குச் செய்வோர் பலர் என அட்டவணைகள் காட்டின. அவ்வாய்வில் ஒரே உலையில் உண்போர் ஒரு குடும்பமாகக் கொள்ளப்பட்டனர்.

அதே காலத்தில் எட்மண்ட் லீச் என்னும் ஆங்கிலேய மானிடவியலாளர் வேறொரு வழியிற் சென்றார். இளமையிற் பொறியியல் பயின்று, பின்னர் மலினோவ்ஸ்கியிடம் மானிடவியல் கற்றவர் இவர். 1954 இல் வடமத்திய மாகாணத்துப் புல் எலிய என்னும் சிறு குளக்கிராமத்திலே தங்கி, வயற்றுண்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எது யாருக்கு எவ்வுறவினால் உரியதாயிற்று என்று பதிந்தார். 1961 இல் அது நூலாயிற்று. அதற்கு முன்பே, 1958 இல், ‘சிதையும் கிராமம்’ பற்றி அவர் ஒரு கண்டனக் கட்டுரை எழுதினார்.

அவர் கூறியதன் சாரம் வருமாறு: மணமுடித்த மகன் தனியே உலை வைக்கிறான், தந்தையின் வயலிற் பயிரிடுகிறான். கணக்கெடுப்போன் அவனை நிலமற்ற தனிக்குடும்பம் என்றும், வாரக்குடியானவன் என்றும் பதிகிறான். ஆயின் அவனே அவ்வயலுக்கு நாளைய உரிமையாளன். நிலக்கிழானும் குடியானவனும் என அட்டவணையில் நிற்போர், உண்மையில் தந்தையும் மகனும், அல்லது மாமனும் மருமகனுமாய் இருத்தல் கூடும். கூட்டலிற் பிழையில்லை, எதனைக் கூட்டினோம் என்பதிலேயே பிழை.

இதனாற் கணக்கெடுப்பு வீண் என்று கொள்ளற்க. ஒரு கிராமத்தை நுணுகிக் கண்டவர், அதுவே நாடு முழுமையும் என்று சொல்லல் இயலாது. பரந்த நோக்குக்குக் கணக்கெடுப்பும், ஆழ்ந்த நோக்குக்குக் கள வாழ்வும் வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்று காட்டும். கண்டனத்துக்குள்ளான தம்பையா என்ன செய்தார் என்பதும் அறியத்தக்கது. அவர் தாமே மானிடவியலாளராகி, வடகிழக்குத் தாய்லாந்தின் கிராமமொன்றில் ஆய்வு செய்து 1970 இற் சிறந்த நூலொன்றை வெளியிட்டார். உலகப் புகழ் பெற்றார். அன்றித் தம்மைக் கண்டித்த லீச்சின் வாழ்வையும் பணியையும் ஆராய்ந்து 2002 இல் ஒரு பெருநூலும் எழுதினார். அறிஞருலகிற் கண்டனம் பகையன்று என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

‘யாரை வினாவுவது’ என்பது அடுத்த சிக்கல். 1936 இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜெஸ்ட் என்னும் சஞ்சிகை, குடியரசுத் தலைவர் தேர்தலை முன்னிட்டு ஏறத்தாழ 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. திரும்பி வந்தவை 20 இலட்சத்துக்கும் மேல். லாண்டன் வெல்வார் என்று அது கணித்தது, வென்றவரோ ரூஸ்வெல்ட். 48 மாநிலங்களுள் 46 அவர் பக்கம் நின்றன. முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, மோட்டார் வண்டி உடையோர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. வறியோர் அவற்றில் அருகியே இருந்தனர். விடை அனுப்பாதோரின் கருத்தும் கணக்கில் வரவில்லை. அச்சஞ்சிகையினும் மிகச் சிலரையே வினாவிய கலப், வென்றவரைச் சரியாகச் சொன்னார். பெருந்தொகை உண்மைக்குப் பிணையாகாது. ஒவ்வொருவரும் தெரிவாவதற்கு வாய்ப்பளிக்கும் எழுமாற்று மாதிரியின் அருமை இதனால் விளங்கும்.

இம்முறை எம்மவர்க்குப் புதிதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த காலை, ஓர் ஏட்டை மட்டும் நம்பினாரல்லர். பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். ஏட்டைச் சோதிப்பதுபோலவே சமூக ஆய்வாளன் தன் சான்றையும், தன் வினாவையும், தன்னையும் சோதித்தல் வேண்டும்.

ஆதலின் பல்கலைக்கழகம் புகும் எம் மாணவர்க்குச் சில சொல்வாம். முன்னோர் ஆண்டு மாணவனின் வினாக்கொத்தைப் பெயர்த்தெழுதாதீர். நூறு வீடு செல்லுமுன் ஐந்து வீடு சென்று, வினாவைச் சோதித்துத் திருத்துங்கள். செல்லாத வீட்டுக்கு மரநிழலில் இருந்தபடியே விடை நிரப்புதல் களவினும் கொடிது. களவு ஒருவனை ஏய்க்கும், இது ஊரையே ஏய்க்கும். எண் கணிதத்துக்கு அஞ்சற்க. பொருளறியாத எண்ணுக்கே அஞ்சுக.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்கு, வீடு வீடாக விபரந் திரட்டியே பயனாளிகள் தெரிவுசெய்யப்பட்டனர். யார் குடும்பம், யார் வறியோர் என்ற வரையறை ஒரு வீட்டின் உலையை ஏற்றவும் வல்லது, அணைக்கவும் வல்லது. நாளை அத்தகைய வரையறைகளை எழுதும் மேசைகளில் எம் மாணவர் அமர்வர். அவர்கள் இன்று வினாவப் பழகாவிடின், எண்ணப்படாது விடுபடுவோர் வாய்பேசா ஏழைகளே.

அம்மாணவன் தன் முதல் வினாவை மூன்றாகப் பிரித்தான்: ஒரே உலையில் உண்போர் யாவர், காணி யார் பெயரில் உளது, செலவுக்குப் பணம் தருவோர் யாவர். அதே வீட்டுக்கு மீண்டுஞ் சென்றோம். மூதாட்டியார் ஒவ்வொன்றுக்கும் தடையின்றி விடை கூறி, ஈற்றில், “இப்ப கேக்கிறது விளங்குது” என்று சொல்லித் தேநீரும் தந்தார். பயிற்சிக் கலாசாலையில் யாம் பெறாத பாடமொன்றை அன்று அவ்வீட்டு முற்றத்திற் பெற்றோம். ஆய்வுத்துறையிலே தேர்ந்த எம் பழைய மாணவர்கள், ஆண்டுக்கு ஒரு நாளேனும் கல்லூரிக்கு வந்து, உயர்தர வகுப்பு மாணவரை அயற்கிராமம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று வினாவப் பழக்குவாராயின், இந்த யூபிலி ஆண்டில் அன்னைக் கல்லூரிக்கு அதனினும் நல்ல காணிக்கை வேறில்லை.